நாலாவது மேசைக்குப் போகாத வண்டி

கறாருக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் இரண்டு நாள் எரிச்சல் இல்லை, எட்டு மாதமாக அணையாத எரிச்சல். காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடும். கேட்டால் மனிதர் ஒப்புக்கொள்ள மாட்டார். "எனக்கென்னய்யா பொறாமை? முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்பார். பொறாமைப்படுகிறவர்கள் எல்லோரும் முறையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். நீளமான கூடம். நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். சுவருக்குள் ஆறு பெரிய மெஷின்கள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. வார்டுகளிலிருந்து வரும் துணியை அழுக்குப் பக்கக் கதவில் போட்டால், துவைத்து முடிந்ததும் சுத்தப் பக்கக் கதவில் எடுப்பார்கள். இங்கிருந்து ஒருவர் அங்கே போக வேண்டுமானால் நடுவில் இருக்கும் அறையில் தலைக்குக் குளித்து, உடுப்பு மாற்றி, வேறு செருப்புப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நோயாளிகளின் துணி, நோய் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. மற்றபடி இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருந்தது ஒரு கண்ணாடி ஜன்னல்தான். முகம் தெரியும், பேச்சு கேட்காது.

கறார் இருபத்தாறு வருடமாக அழுக்குப் பக்கம். வண்டி தள்ள வந்தவர், படிப்படியாக மெஷின்களுக்கெல்லாம் மூத்த ஆளானார். ரத்தக் கறையைப் பார்த்து அது எத்தனை மணி நேரத்துக் கறை என்று சொல்லிவிடுவார். உள்ளே துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டதை மெஷினின் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்து ஐம்பதுக்கு நிற்பார். ஆறு ஒன்றுக்கு வருகிறவரை வாசலில் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். ஒருமுறை பல்பு மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன் செருப்பை மாற்றாமல் சுத்தப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டார் என்று, மடித்து அடுக்கியிருந்த நானூறு படுக்கை விரிப்பையும் மறுபடி துவைக்க வைத்த புண்ணியவான். கறார் என்ற பெயர் அன்றைக்குத்தான் நிலைத்தது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

லீவு கேட்டு வருகிறவர்களுக்காக ஒரு வாக்கியம் வைத்திருந்தார். "எம் புள்ள செத்த மூணாம் நாள் மெஷின் முன்னால நின்னவன் நான்." கேட்டவர் வாயைப் பொத்திக்கொண்டு போய்விடுவார். வாக்கியம் பொய்யில்லை. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், அதே மருத்துவமனையில், அவருடைய முதல் பிள்ளை பிறந்த மறுநாளே போய்விட்டது. மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்து ஒரு மகள் பிறந்தாள், இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மனைவியையும் இங்கேயே சேர்த்துவிட்டார். அவள் சுத்தப் பக்கத்தில் நாலாவது மடிப்பு மேசை.

எட்டு மாதத்துக்கு முன்பு பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று கறார் கனவில்கூடச் சந்தேகப்பட்டதில்லை. புதுச் சட்டை தைத்து வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேனேஜரோ, சுத்தப் பக்கத்தில் இரண்டாவது மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். வயது முப்பத்தெட்டு. வாய் ஓயாமல் பேசுவாள், பேசாத நேரத்தில் எதையாவது முணுமுணுவென்று பாடுவாள். அவளுக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்ததே கறார்தான். அந்தச் சில்வண்டுதான் இனி அவருக்கு மேலதிகாரி. புதுச் சட்டை அலமாரியிலேயே கிடந்தது.

அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். பொறுக்க முடியாமல் போனது வீட்டில்.

"இன்னைக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணா தெரியுமா?" என்று மனைவி ஆரம்பிப்பாள். மூன்றாவது மேசைக்காரிக்கு இடுப்பு வலியாம், உயரமான முக்காலி ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து போட்டாளாம். இன்னொருத்திக்குப் பரீட்சை எழுதும் மகளாம், அந்த வாரம் முழுக்க அவளை அரை மணி முன்னாலேயே அனுப்பிவிட்டுத் தானே நின்று மடித்தாளாம்.

"அது மேற்பார்வை இல்ல, செல்லம் குடுக்கிறது" என்பார் கறார்.

"இருக்கட்டுமே. வேலை முடியுதுல்ல?"

அதுதான் எரிச்சல். வேலை முடிந்தது. கறார் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு நாளாவது துணி தேங்கும், ஒரு வார்டிலிருந்தாவது புகார் வரும் என்று. வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசினால் அப்பாவிடம் இரண்டு வார்த்தை, பிறகு, "அம்மா, அந்த ஆன்ட்டி எப்படி இருக்காங்க?" ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது என்று தோன்றியது அவருக்கு. ஜன்னல் வழியாகப் பார்ப்பார். அந்தப் பக்கம் மனைவி எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள், பக்கத்தில் சில்வண்டு. என்ன பேசினார்கள் என்று கேட்காது. இருபத்து நாலு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு, அந்தச் சிரிப்பு வீட்டில் கடைசியாக எப்போது கேட்டது என்று ஞாபகமில்லை. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று முடிவுகட்டிக்கொள்வார்.

அப்படி ஜன்னலில் காவல் இருந்தபோதுதான் அவர் கண்ணில் அது பட்டது. துவைத்த துணி வண்டியில் ஏறும்போது வண்டிக்கு ஒரு அட்டை மாட்டுவார்கள். ஆபரேஷன் தியேட்டர் துணிக்குச் சிவப்பு, பொது வார்டுக்கு நீலம், பிரசவ வார்டுக்கு மஞ்சள். மஞ்சள் வண்டியை எந்த மேசைக்கும் பிடிக்காது. குழந்தையைச் சுற்றும் சின்னச் சின்னத் துணிகள், ஒரு வண்டியில் முந்நூறு இருக்கும், மடித்து மாளாது. அதனால் இன்றைக்கு ஒரு மேசை, நாளைக்கு அடுத்த மேசை என்று சுழற்சி உண்டு. அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும். ஆனால் இப்போது மஞ்சள் வண்டி ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று என்று சுற்றியது. நாலாவது மேசைக்குப் போகவே இல்லை. கறார் ஒரு மாதம் பார்த்தார், ஒரு நாள்கூடப் போகவில்லை.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தார். 'எம் பொண்டாட்டிக்குச் சலுகை காட்டி அவளைக் கைக்குள்ள போட்டுக்கிட்டா. எனக்கெதிரா எம் வீட்டுக்குள்ளயே ஆள் புடிக்கிறா.' இதை யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் வருகிறது, அதற்குத் தனிச் சலவைக்கூடம், அதற்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். சில்வண்டின் அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை, அவள் இரண்டு வாரம் லீவில் போகிறாள்.

"அந்த ரெண்டு வாரம் நீங்க பாருங்க. நல்லபடியா ஓட்டிட்டீங்கன்னா புதுக் கட்டடம் உங்களுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

கறார் வெளியே வந்தபோது தரையில் கால் பாவவில்லை. இருபத்தாறு வருடம் காத்திருந்தது கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. அன்றைக்கே அலமாரியைத் திறந்து புதுச் சட்டையைத் தேய்த்து வைத்தார்.

முதல் நாள் அவர் செய்த முதல் காரியம், அட்டவணையைக் கிழித்துப் புதிதாக எழுதியது. பாக்கி என்றால் பாக்கிதான். எட்டு மாதமாக நாலாவது மேசை தட்டிக் கழித்த மஞ்சள் வண்டியை எல்லாம் ஈடுகட்ட வேண்டாமா? இரண்டு வாரமும் மஞ்சள் வண்டி தினமும் நாலாவது மேசைக்கே என்று எழுதினார். பொண்டாட்டி என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. அதில் அவருக்கு ஒரு தனித் திருப்தி. இப்படி ஒரு நேர்மையைச் சில்வண்டு ஏழு ஜென்மத்துக்கும் காட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் பிற்பகல் வீட்டில் மனைவி கேட்டாள். "அந்த வண்டிய முறைப்படி சுத்தி விடக் கூடாதாங்க? தினமும் எனக்கேவா?"

"நீ எம் பொண்டாட்டிங்கிறதுக்காக விட்டுக்குடுக்கச் சொல்றியா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. 'சில்வண்டு இல்லாம இவளுக்கு வாய் ஒட்டிக்கிச்சு பார்' என்று கறார் அதற்கும் பொறாமைப்பட்டார். வேலை என்னவோ கடிகாரம் போல ஓடியது. யாரும் தாமதமாக வரவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. ஐந்தாம் நாள் மேனேஜர் வந்து எட்டிப்பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள், பத்து மணி இருக்கும். கறார் ஜன்னலில் நின்றார். முதல் மேசையில் இருக்கும் மூத்த பெண்மணி, எல்லோரும் முதல் மேசை அக்கா என்பார்கள், காதில் போனை வைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். போனை வைத்தாள். நேராக நாலாவது மேசைக்குப் போனாள். மஞ்சள் வண்டியைப் பிடித்துத் தன் மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கறாரின் மனைவி வெறுங்கையோடு நின்றாள்.

கறாருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. போன்! லீவில் இருந்துகொண்டு போனிலேயே ஆட்சி நடத்துகிறாள். அட்டவணை எழுதுவது இவர், உத்தரவு போடுவது அவள். இந்த இரண்டு வாரத்தைக்கூட விட்டுவைக்க மாட்டாளா? அந்த நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, வீட்டையும் எடுத்துக்கொண்டு, இப்போது இதையுமா? எப்படிப் போனார் என்று பிறகு அவராலேயே சொல்ல முடியவில்லை. நடு அறைக் கதவைத் தள்ளினார், அடுத்த கதவையும் தள்ளினார், நாலு மேசைகளுக்கும் நடுவில் போய் நின்றார்.

"யாரைக் கேட்டு வண்டிய மாத்தினீங்க? போன்ல யாரு உத்தரவு போட்டது? சொல்லுங்க!"

முதல் மேசை அக்கா மெதுவாகச் சொன்னாள். "எம் மவன் பேசினாண்ணே. வீட்டுச் சாவி எங்கன்னு கேட்டான்."

"அப்புறம் வண்டி ஏன் நகந்துச்சு?"

"நாங்களாத்தான் மாத்தினோம். எட்டு நாளா இவ படற பாட்ட எங்களால பாக்க முடியல."

கறார் மனைவியைப் பார்த்தார். மேசைமேல் ஒரே ஒரு துணி மிச்சம் இருந்தது. பாதி மடித்தது. அவள் அதன்மேல் கையை வைத்திருந்தாள், விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் கோபமில்லை.

"என்னால முடியலங்க" என்றாள். "அன்னைக்கு அவன இதுலதான் சுத்திக் குடுத்தாங்க. இருபத்தொரு வருஷமா ஆஸ்பத்திரிக்காரங்க இந்தத் துணியோட அளவக்கூட மாத்தல."

கறாருக்கு முறை என்ற சொல்கூட வாயில் வரவில்லை. பிறகு மூன்றாவது மேசைக்காரி, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, "அண்ணே, கால்" என்றாள்.

குனிந்து பார்த்தார். அழுக்குப் பக்கத்து ரப்பர் பூட்ஸ். இடுப்பில் அழுக்குப் பக்கத்து ஏப்ரன், அதில் காலையில் பட்ட ரத்தக் கறை. குளிக்கவில்லை, மாற்றவில்லை. அவர் வந்த வழி நெடுக ஈரத் தடம். இரண்டடி இல்லை, முப்பதடி.

அன்றைக்குக் காலையிலிருந்து மடித்த எல்லாத் துணியும் மறுபடி மெஷினுக்குப் போனது. பெண்கள் முணுமுணுக்காமல் வாரிப் போட்டார்கள். "மூணாம் நம்பர் மெஷின் ஒழுகிருச்சுன்னு எழுதிக்கலாம்ணே, யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் முதல் மேசை அக்கா. அது தனக்காகச் சொன்னதில்லை, தன் மனைவிக்காகச் சொன்னது என்று கறாருக்குத் தெரிந்தது. அவளை இத்தனை பேர் இத்தனை பிரியமாக வைத்திருப்பதே அவருக்குப் புதுச் செய்தி. அதற்கும் சுருக்கென்று குத்தியது. அவர் பதிவேட்டை எடுத்துச் சிவப்பு மையில், தன் பெயரைப் போட்டு, நடந்ததை அப்படியே எழுதினார். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டுப் பேசியது இரண்டே நிமிடம். புதுக் கட்டடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பார்களாம்.

சில்வண்டு திரும்பி வந்த அன்று, கறார் குளித்து, உடுப்பு மாற்றி, ஒழுங்காகச் சுத்தப் பக்கம் போனார். கதவடியில் நின்றபடியே கேட்டார். "அவ உங்கிட்ட சொன்னாளா?"

"எதண்ணே?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "இல்லண்ணே. அக்கா ஒண்ணும் சொல்லல. மஞ்ச வண்டி வந்தா மட்டும் தண்ணி குடிக்கப் போவாங்க. வந்து கொஞ்சம் மடிப்பாங்க, மறுபடி போவாங்க. ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் அந்த வண்டிய அங்க விடறத நிறுத்திட்டேன். ஏன்னு கேக்கல. கேட்டா அவங்க சொல்லணுமேன்னுதான்."

"நீ ஒரு வாரம் பாத்தே."

"எந்தக் கை எந்தத் துணியில நடுங்குதுன்னு தெரியாம அட்டவணைய எப்படிண்ணே எழுதறது? இங்க எல்லாருக்கும் ஒரு வண்டி இருக்கு. எனக்கும் இருக்கு. உங்களுக்கு எதுன்னுதான் இன்னும் புடிபடல."

"எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஆனால் வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது. நாற்காலிக்காக எரிந்தது வேறு. இது வேறு. எட்டு மாதம் அந்த ஜன்னலில் நின்றவர் அவர். அட்டை மஞ்சளா சிவப்பா, எந்த மேசைக்குப் போகிறது என்பதுவரை பார்த்தார். தண்ணீர் குடிக்க எழுந்துபோனவளைப் பார்க்கவில்லை. யாரோ ஒருத்தி ஒரே வாரத்தில் பார்த்துவிட்டாள். அவள்மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைக்குமா என்று அன்று முழுக்கத் தேடினார். கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஷிஃப்ட் முடிந்து இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று மணி வெயில் சமையலறை ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. மனைவி கொடியிலிருந்து எடுத்த வீட்டுத் துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். கறார் வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து மடித்தார், கோணலாக வந்தது. அவள் அதை வாங்கிப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் அவன் மொகத்தப் பாக்கல" என்றார் திடீரென்று. "மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓடிக்கிட்டே இருந்தேன். எங்கையில குடுக்கும்போது மூடிக் குடுத்தாங்க. தொறந்து பாக்கத் தைரியம் இல்ல. அப்புறம் உங்கிட்ட கேக்கவும் தைரியம் இல்ல. மூணாம் நாள் வேலைக்கு ஓடிட்டேன்."

அவள் கை நின்றது.

"எப்படி இருந்தான்?"

அவள் துணியைக் கட்டிலில் வைத்தாள். "உங்கள மாதிரிதான்" என்றாள். "பொறந்த அன்னைக்கே புருவத்த நெரிச்சுக்கிட்டு, யாரோ லேட்டா வந்துட்டாங்க, புடிச்சுத் திட்டணுங்கிற மாதிரி."

கறாருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாக மாறியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, வெட்கமில்லாமல், கேட்டார்.

"இத அந்தச் சில்வண்டுகிட்ட சொல்லியிருக்கியா?"

"யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாள் அவள். "இதுவரைக்கும் யாரும் கேக்கல."